'போ' என்று எழுதிய பட்டியல்

எங்கள் வார்டில் ஐந்து ஓட்டுச் சாவடிகள். சாவடிக்கு மூன்று பேர் என்று பதினைந்து பேரைத் தேடிப் பிடித்துப் பழக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. சாவடிக்குள் நம் வேட்பாளர் சார்பாக உட்கார்ந்து, வருகிறவர் உண்மையான ஆள்தானா, மிஷின் சரியாக இருக்கிறதா என்று காலையிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பூத் ஏஜென்ட் என்பார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். நாற்பது வருடமாகப் பட்டுத் தறியில் உட்காருகிறவன். என்னிடம் இந்த வேலையைக் கொடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். பொய் சொல்லாத ஆள் என்று தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது.

வேட்பாளர் எனக்கு மாப்பிள்ளை முறை. நாலு வீடு தள்ளி இருக்கிறவர். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. எங்கள் தறிகள் எல்லாம் குழித்தறிகள். தரையில் பள்ளம் வெட்டி, அதில் கால் இறக்கி மிதிக்க வேண்டும். மழை வந்தால் தெருக் கால்வாய் நிரம்பி, அந்தத் தண்ணீர் சுவரடியில் கசிந்து குழிக்குள் வந்து நிற்கும். வாளியில் மொண்டு ஊற்றினாலும் மறுநாள் அதே அளவு நிற்கும். அது வற்றிக் காய்கிற வரை தறி ஓடாது. கால்வாயைத் தூர் வாரிச் சரி செய்யச் சொல்லி மனு கொடுத்து மனு கொடுத்துச் சலித்துப் போய், "நானே நிக்கறேன் மாமா" என்று அவர் நின்றுவிட்டார். அவருக்குக் கிடைத்த சின்னம் தையல் மிஷின். "தறிக்காரனுக்குப் போய் தையல் மிஷினு குடுத்துக்கிறாங்க பாரு" என்று தெருவெல்லாம் சிரிப்பு.

கால்வாய்க்காக நான் இறங்கினேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் என் வீட்டுக்காரி.

போன தேர்தலில் அவள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். விடியற்காலையில் தலைக்குக் குளித்து, விபூதி வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், "உங்க ஓட்டு அப்பவே போட்டாச்சேம்மா" என்றார்களாம். அவள் வெறும் விரலைத் தூக்கிக் காட்டி, "அப்போ மை எங்கங்க?" என்று கேட்டிருக்கிறாள். பின்னால் நின்ற யாரோ, "தேய்ச்சிக் கழுவிக்கினு வந்திருப்பாங்க" என்று சொல்ல, வரிசையே சிரித்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு என்று தனியாக ஒரு ஓட்டுச் சீட்டு உண்டு, கேட்டால் தரவேண்டும் என்பது அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"வூட்டுப் பத்திரம் உங்க பேரு. தறி உங்க பேரு. சங்கத்து அட்டை உங்க பேரு. எம் பேருல எனக்குன்னு இருக்கறது இந்த ஓட்டு ஒண்ணுதாங்க. அதையும் எவளோ எடுத்துக்கினு போயிட்டா."

அவள் 'எம் பேரு' என்று சொன்னதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. என் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே பெயர். அம்மன் பெயர். எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பெண்களுக்கு அந்தப் பெயர் இருக்கும். மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாக அமைந்துவிட்டால், மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை ஏவுவது மரியாதை இல்லை என்று எங்கள் வீடுகளில் மருமகளை வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிடுவோம். கல்யாணம் ஆன அன்றே அப்பா அவளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார். முப்பத்து மூன்று வருடமாக அக்கம் பக்கம், சொந்த பந்தம், பேரப்பிள்ளை வரை அந்தப் பெயர்தான். அவளுடைய சொந்தப் பெயர் புழங்கிய இடம் ஓட்டர் அட்டை ஒன்றுதான். அம்மா காலமாகி ஆறு வருடம் ஆகியும் யாரும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

"இந்தத் தடவை உன் ஓட்டை நீதான் போடுவே. ஏகாம்பரநாதர் சாட்சி" என்று அவளிடம் சொன்னேன். வெறும் வார்த்தையாகச் சொல்லவில்லை. கோயிலுக்குப் போய், கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்து சொன்னேன்.

தேர்தலுக்குப் பல மாதம் முன்பே ஆள் சேர்க்க ஆரம்பித்தேன். கட்சிக்காரர்களுக்கு ஆள் தானாக வரும். எங்களுக்குக் கூலியும் இல்லை, சாப்பாடும் அவரவர் வீட்டிலிருந்துதான். ஓரிக்கையில் மில் வேலை பார்க்கிற ஒருவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற இரண்டு பேர், எங்கள் தெருவில் தறி போட்டிருக்கிற ஆறு பேர், பூ கட்டுகிற ஒரு அம்மா என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எல்லோரிலும் கெட்டி, காலனியிலிருந்து வந்த தையல்கார அம்மாதான். கிறிஸ்தவக் குடும்பம். மாமனார் காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவள் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். என் தங்கை வயது. நான் கேட்கப் போவதற்கு முன்பே அவளே வந்தாள்.

"நம்ப மிஷினு எலக்சன்ல நிக்குது, நான் வராம இருப்பனாண்ணா?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் வாக்காளர் பட்டியலைத் திருத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. செத்தவர் பெயர் பட்டியலில் இருந்தால்தானே அந்தப் பெயரில் கள்ள ஓட்டு விழும்? அதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து, தெருத் தெருவாகப் பிரித்துக் கொடுத்தேன். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"பாவு பிணைக்கறப்போ எப்படிப் பார்ப்போம்? பழைய பாவோட முனையில புதுப் பாவை இழை இழையா முடிஞ்சு சேர்ப்போம். ஒரு இழை வுட்டுப் போனாக்கூட புடவை நெடுக கோடு விழுந்துடும். அந்த மாதிரி ஒரு பேரு விடாம பாருங்க. அப்புறம், யாரும் அவங்கவங்க சொந்தத் தெருவைப் பார்க்கக் கூடாது. தெரிஞ்சவங்கதானேன்னு வுட்டுடுவோம். தெருவை மாத்தி எடுத்துக்குங்க."

இந்த யோசனையை நானே கண்டுபிடித்தேன் என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எங்கள் தெரு தையல்கார அம்மா பங்குக்குப் போயிற்று.

"செத்தவங்களுக்கு இன்னா போடறதுண்ணா?" என்று அவள் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

"அந்த வார்த்தையைக் கோயில்ல வெச்சி சொல்லாதம்மா. எழுதவும் வேணாம். போயிட்டாங்கன்னுதானே சொல்றோம்? 'போ'ன்னு போடு, போதும்."

"வூடு மாறிப் போனவங்களுக்கு?"

"அவங்களுக்கு 'மா'."

"போ, மா. ரெண்டும் சேத்துப் படிச்சா 'போமா'ன்னு வருதேண்ணா. லிஸ்டுல இருக்கற பொம்பளைங்க எல்லாம் கோச்சிக்கப் போறாங்க."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் எங்கள் தெருவுக்கு வந்த வாரம், நானும் வீட்டுக்காரியும் ஊரில் இல்லை. ஓசூரில் இருக்கிற மகள் வீட்டில் பேத்திக்குப் பெயர் வைக்கிற விசேஷம். வீடு பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறாள். பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லி, "இந்த வூட்ல இந்தப் பேர்ல ஒருத்தவங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டம்மா, "ஐயோ, அந்தம்மா போயிட்டாங்களேமா, நல்ல மனுசி" என்று என் அம்மாவை நினைத்துச் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் வீட்டுக்காரியின் சொந்தப் பெயர் தெரியாது. யாருக்குமே தெரியாது. பட்டியலில் அந்தப் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில் கணவர் என்று அப்பா பெயர். அடுத்த பக்கத்தில் கணவர் என்று என் பெயர். தையல்கார அம்மா அப்போது பிரித்து வைத்திருந்தது அடுத்த பக்கம்; முன் பக்கத்துப் பெயரை அவள் கவனிக்கவில்லை. அதில் 'போ' என்று எழுதிவிட்டாள். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் பின்னால் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவள் எழுதியதை நான் சரி பார்த்திருக்க வேண்டும். பார்க்கவும் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, 'போ' போட்ட தாள்களையெல்லாம் மண்டபத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தத் தாளானாலும் தலையில் 'சிவமயம்' என்று எழுதாமல் நான் எதுவும் தொடங்க மாட்டேன். அப்படியே எழுதினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து அடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் தெருத் தாளில், எங்கள் கதவு எண்ணுக்கு நேராக அம்மாவின் பெயரும், அதன் பக்கத்தில் 'போ' என்றும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா கடைசி நாட்களில் தண்ணீர் கேட்ட குரல் காதில் வந்தது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கணவர் பெயர் என்ன, வயது என்ன என்று பார்க்கவில்லை. பெற்ற தாய் பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்து வரி வரியாக யார் சோதிப்பார்கள்?

பட்டியல் திருத்த வீடு வீடாக வருகிற அங்கன்வாடி அம்மாவிடம் அந்தத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். அவரும் சும்மா விடவில்லை. எங்கள் தெருவில் வந்து விசாரித்தார். நான் ஆள் பிடிக்கக் கூரம் பக்கம் போயிருந்தேன், வீட்டுக்காரி கோயிலுக்குப் போயிருந்தாள். அவருக்கும் பக்கத்து வீட்டம்மா அதே பதிலைத்தான் சொன்னார். பிறகு ஒரு நோட்டீஸ் தபாலில் வந்தது. பெயரைப் பார்த்ததும் அம்மாவுக்கு வந்தது என்று நினைத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல், அம்மா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் சொல்லவேண்டும் என்று அதில் இருந்தது. அந்தப் படத்துக்குத் தினமும் பூ வைத்தவள் என் வீட்டுக்காரி.

தேர்தல் தேதி வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் மண்டபத்தில் பயிற்சி வைத்தேன். பட்டுப் புடவை வைக்கிற அட்டைப் பெட்டியை மிஷின் என்று வைத்துக்கொண்டோம். மூன்று பேர் அதிகாரிகள், நான்கு பேர் ஏஜென்டுகள், மற்றவர்கள் ஓட்டுப் போட வருகிறவர்கள். மாதிரி ஓட்டு எப்படிப் போட்டுப் பார்ப்பது, அதை அழித்துப் பூஜ்யம் காட்டச் சொல்லி எப்படிக் கேட்பது, சீலில் எங்கே கையெழுத்துப் போடுவது, எல்லாவற்றையும் நகராட்சியில் கொடுத்த புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"அவங்க ஆளுங்களுக்கு பிரியாணி வருதாமே. நமக்கு இன்னா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"நமக்கு தயிர் சோறு."

"தயிர் சோறு தின்னுட்டு கண்ணு முழிச்சிக்கினு கண்காணிக்கணும்னா, அது அந்த வரதராஜராலயும் முடியாதுண்ணா."

அவர் வரதராஜர் கோயில் இருக்கிற சின்ன காஞ்சிபுரத்துக்காரர். "எங்க சாமியை வேணா கேட்டுப் பாரு" என்றேன். இப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த மண்டபத்தில் கழிந்த நாட்களில் நாங்கள் ஜெயித்துவிடுவோம் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

ஒரு நாள் வீட்டுக்காரியை வந்து நடிக்கச் சொன்னேன். ஓட்டை யாரோ போட்டுவிட்ட பெண்ணாக நடிக்க வேண்டும். அவளுக்கு அதில் நடிக்க என்ன இருக்கிறது? வந்து நின்று, வெறும் விரலைத் தூக்கி, "மை எங்கங்க?" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இந்த மாதிரி வந்தா அவங்களை அனுப்பிடக் கூடாது. தனிச் சீட்டு குடுங்கன்னு அதிகாரியைக் கேக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். "செத்தவங்க பேர்ல யாராவது வந்தா ஒடனே ஆட்சேபணை சொல்லணும். முகத்துக்காக சும்மா இருந்துடக் கூடாது. நமக்கே ஓட்டு போடறேன்னு சொன்னாலும் கூடாது. எங்கம்மாவே எழுந்து வந்து நின்னாலும் கூடாது."

"உங்கம்மா வந்தா நாங்க எழுந்து ஓடிடுவோம்ணா" என்றாள் தையல்கார அம்மா. அப்போது சிரித்தார்கள்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, பெயரும் பட்டியல் எண்ணும் போட்ட பூத் ஸ்லிப்பை வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. தெருவில் வேறு சிலருக்கும் வரவில்லை. "அட்டை இருந்தா போதும், ஸ்லிப்பு வேணாம்" என்று எல்லோருக்கும் சொன்ன பதிலையே அவளுக்கும் சொன்னேன். பட்டியலில் பெயர் இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பதில் சரி. புதிதாகச் சேர்த்த பெயர், நீக்கிய பெயர் எல்லாம் போட்டுக் கடைசியாக வந்த பக்கங்கள் கட்சிக்காரர்களிடம் இருந்தன. எங்களிடம் இருந்தது மாதக்கணக்கில் பழைய ஜெராக்ஸ்.

ஓட்டு நாள் காலை ஆறு மணிக்குப் பதினைந்து பேருக்கு எட்டுப் பேர் வந்தார்கள். மில்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. தறிக்காரர் ஒருவருக்குச் சம்பந்தி வீட்டில் கருமாதி. இரண்டு பேர் சாவடிக்கு வெளியில் கட்சிக்காரர் பந்தலில் பிரியாணிக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார்கள். எங்கள் தெருச் சாவடிக்கு ஆள் இல்லாமல் போனதால் நானே உட்கார்ந்தேன். பொறுப்பாளன் ஐந்து சாவடியும் சுற்ற வேண்டும் என்று போட்ட திட்டம் அதோடு போயிற்று. தையல்கார அம்மா அடுத்த அறையில் இருந்த சாவடியில் உட்கார்ந்தாள்.

என் பக்கத்தில் இரண்டு கட்சி ஏஜென்டுகள். ஒருவர் தேங்காய்க் கடைக்காரர், அடுத்த தெரு, என் வயது. இன்னொருவர் அவருக்குத் தெரிந்தவர். இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. ஆனால் ஒரே பொட்டலத்தில் இட்லி தின்றார்கள். எனக்கும் இரண்டு நீட்டினார்கள். வேண்டாம் என்றேன்.

பத்து மணி இருக்கும். அவள் வந்தாள். பேத்தி விசேஷத்துக்கு எடுத்த புடவை. நெற்றி நிறைய விபூதி. என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். உள்ளே நான் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருப்பதில் அவளுக்குச் சந்தோஷம். அட்டையை நீட்டினாள். பட்டியல் பார்க்கிற டீச்சரம்மா அவள் பெயரைச் சத்தமாகப் படித்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவளுக்காக ஒருவர் சொல்லி நான் கேட்டேன்.

டீச்சரம்மா விரலை ஓட்டிக்கொண்டே போனார். பின் பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்னால் வந்தார்.

"இந்தப் பேர் நீக்கம்னு இருக்குதேம்மா."

"நீக்கம்னா இன்னாங்க?"

"பட்டியல்ல இல்லம்மா. காலமாயிட்டாங்கன்னு எடுத்துட்டாங்க."

அவள் என்னைத்தான் பார்த்தாள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. என் பழைய தாளைப் புரட்டினேன். அதில் அவள் பெயர் இருந்தது, என் பெயரோடு. அம்மாவின் பெயரும் இருந்தது, அப்பாவின் பெயரோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், வெள்ளிக்கிழமை, மண்டபம், சிவமயம், என் கையெழுத்து எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"தனிச் சீட்டு" என்று வாயில் வந்தது. டீச்சரம்மா பொறுமையாகச் சொன்னார். "அது வேற யாராவது அவங்க ஓட்டைப் போட்டிருந்தா குடுக்கறதுங்க. இது பேரே இல்லையே."

தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"இதோ இன்னொண்ணு இருக்குதே, அதே பேரு, அதே கதவு நம்பரு. பெரியம்மா பேரு, நீக்காமதான் இருக்குது. இதுல போடட்டுமே அண்ணாத்த. நாங்க இன்னா சொல்லப் போறோம்? இன்னாபா?"

"நமக்கின்னா. அக்காவை நமக்குத் தெரியாதா?" என்றார் இன்னொருவர்.

டீச்சரம்மா பேனாவை மூடாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் செருமினார்கள்.

"இன்னாங்க?" என்றாள் அவள் மெதுவாக.

நான் மட்டும் பேசாமல் இருந்தால் போதும். அவள் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தியிருப்பாள். விரலில் மை இருந்திருக்கும். அவள் ஓட்டுதானே, வேறு யாருடையதும் இல்லையே என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னது இன்னொரு பக்கம் நின்றது. ஈசனே, நீயே சொல் என்று நினைத்தேன்.

எழுந்து நின்றேன். "ஆட்சேபணைங்க. அது எங்கம்மா பேரு. எங்கம்மா போயிட்டாங்க" என்றேன்.

அவள் அட்டையைத் திரும்ப வாங்கி முந்தானையில் துடைத்தாள். அழவில்லை.

"சரி. நான் போறேன்" என்றாள்.

முப்பத்து மூன்று வருடத்தில் அவள் எந்த வாசலிலும் 'போறேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. குழாயடிக்குப் போனாலும் 'வரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். போறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்படுவது ஆகாது என்று பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

அவள் பின்னால் நான் போகவில்லை. ஏஜென்ட் இடத்தை விட்டு எழுந்து போகக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் விரலில் எல்லாம் மை வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டு, நகலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் சாவடியில் ஒரு தப்பும் நடக்கவில்லை.

வெளியில் தையல்கார அம்மா நின்றாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, உங்க தெரு நான்தானே பாத்தேன்? நான்தானே எழுதுனேன்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ எழுதுனே. கையெழுத்து என்னுதும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

மாப்பிள்ளை தோற்றுவிட்டார். டெபாசிட்டும் போயிற்று. ஒரு ஓட்டில் தோற்றிருந்தாலாவது என் தலையில் அந்தப் பாரமும் விழுந்தது என்று அழலாம். அப்படி இல்லை. அவள் ஓட்டு விழுந்திருந்தாலும் விழாவிட்டாலும் எதுவும் மாறியிருக்காது. அதைச் சொல்லித்தான் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை என்னால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை மட்டும், "வுடுங்க மாமா, நம்பளால முடிஞ்சது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த நோட்டீஸ்களைத் தறிக்குழியில் ஈரத்துக்கு விரித்துப் போட்டார். அந்த வருட மழைக்கும் தண்ணீர் வந்தது. இப்போதும் வருகிறது.

ஒரு நாள் பழைய தாள்களை எடைக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தத் தாள் அவள் கையில் கிடைத்தது. அவள் மூன்றாவது வரைதான் படித்தவள். விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். மேலே சிவமயம். நடுவில் அவள் பெயர். அடியில் நான்.

"எம் பேருக்கு நேரா 'போ'ன்னு எழுதி, கையெழுத்தும் போட்டுக்கிறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தாளில் இருந்ததைப் படித்த மாதிரிதான் சொன்னாள்.

"எங்கம்மான்னு நினைச்சேம்மா. கண்ணை மூடிக்கினு போட்டுட்டேன்."

"அத்தைன்னா கண்ணு மூடிக்கிச்சு. சரி. அன்னிக்கி பூத்துல நான் எதிர்ல நின்னேனே, அப்போ கண்ணு தெறந்துதானே இருந்துது?"

அன்று நான் சொன்னது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை உண்மைக்காகச் சொன்னேனா, பொய் சொல்லாதவன் என்று எனக்கு இருந்த பேருக்காகச் சொன்னேனா என்று கேட்டால், சாமி முன்னால் நின்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு இருந்த பேரைக் காப்பாற்ற, அவளுக்கு இருந்த ஒரே பேரை விட்டுவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

பெயரைத் திரும்பச் சேர்க்கிற படிவத்தை வாங்கிவந்து எல்லாவற்றையும் நானே நிரப்பி வைத்தேன். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் பாக்கி.

"போனவ எப்படிங்க கையெழுத்து போடுவா?" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். பிறகு நான் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்க வாய் வரவில்லை. படிவம் அம்மா படத்துக்குப் பின்னால் அந்த நோட்டீஸோடு இருக்கிறது.

சண்டை எதுவும் இல்லை. சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், பாவு பிணைக்கக் கூட உட்காருகிறாள். ஒரு நாள் சோறு போடும்போது அவளை அவளுடைய சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பி வாசலைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது 'வரேன்' என்று இன்னும் சொல்கிறாள். சாமி அலமாரியைப் பார்த்துச் சொல்கிறாள். நான் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அலமாரிக்கு நாலடி தூரத்தில். குழியில் கால் ஈரமாக இருக்கிறது.